மின்பணியாளரின் சான்றிதழ் எதை மெய்ப்பிக்கிறது?

இயற்பியல் செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகச் செல்லும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம் ஒன்று உண்டு. தனி ஊசலின் நீளம் 100 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 20 அலைவுகளுக்கு மாணவருக்கு 41.2 வினாடி கிடைக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் புவியீர்ப்பு முடுக்கம் 930க்கு அருகில் வருகிறது. விடை 980ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ரப்பரை எடுத்து 41.2ஐ அழித்து 40.2 என்று எழுதுகிறார். விடை 977 ஆகிவிடுகிறது. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. இதை நான் கண்டிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இளநிலை வகுப்பில் நானும் இதைச் செய்திருக்கிறேன். என் பட்டத்திற்குள் அந்த ஒரு வினாடியும் அடங்கியிருக்கிறது.

ஊசலில் ஒரு வினாடியை மாற்றி எழுதினால் யாரும் சாவதில்லை. ஆனால் அதே கை, அதே பழக்கத்துடன், ஒரு வீட்டின் மின்கம்பிகளைச் சோதித்து எண்களை எழுதினால் என்ன ஆகும்? மின்பணியாளர் தேர்ச்சி பெற்றவர், அவருடைய நிறுவனம் ஆண்டுதோறும் மதிப்பீடு செய்யப்படுகிறது என்றெல்லாம் சொல்லும் தாள்கள், அவருடைய திறமையை உண்மையிலேயே மெய்ப்பிக்கின்றனவா? இக்கேள்வி மின்விளக்கின் வயதை ஒத்தது. இதற்கு விடை தேடி நீண்ட காலமாக விதிமேல் விதியாக எழுதிவந்த நாடு இங்கிலாந்து. நம் நாட்டு மின் விதிகளும் அந்த வழியில் வந்தவையே. ஆகவே அந்நாட்டின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

1880ஆம் ஆண்டை ஒட்டித்தான் எடிசன், ஸ்வான் ஆகியோரின் இழை விளக்குகள் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கின. அதற்கு முன் மின்சாரம் என்றால் தந்தியும் அழைப்பு மணியும்தான். எனவே வீடுகளில் விளக்குக்குக் கம்பி இழுக்கும் வேலை, மணி கட்டுகிறவர்களுக்கும் எரிவாயுக் குழாய் பொருத்துகிறவர்களுக்கும் இயல்பாகவே போய்ச் சேர்ந்தது. மணிக்கு ஓடும் சிறு மின்னோட்டத்தில் மோசமான இணைப்பு இருந்தால் மணி அடிக்காது, அவ்வளவுதான். விளக்குக்கு ஓடும் மின்னோட்டத்தில் அதே இணைப்பு சூடேறும். மரச்சட்டத்துக்குள் மறைந்திருக்கும் அந்தச் சூடு யார் கண்ணுக்கும் தெரியாது.

பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராக விளங்கிய சால்ஸ்பரி பிரபு அறிவியல் ஆர்வலர். தம் ஹாட்ஃபீல்டு மாளிகையில் 1881ஆம் ஆண்டிலேயே மின்விளக்கு அமைத்துக்கொண்டார். உத்தரத்தை ஒட்டி ஓடிய கம்பிகள் சில நேரங்களில் தீப்பொறி கக்கும். விருந்துக்கு வந்தவர்கள் இருக்கையிலுள்ள மெத்தைகளை மேலே வீசி அதை அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்களாம். இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதே தோட்டத்தில் வேலை பார்த்த பணியாளர் ஒருவர் மின்கம்பியைத் தொட்டு உயிரிழந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதே ஆண்டு இலண்டன் சவாய் நாடக அரங்கில் அதன் உரிமையாளர் டாய்லி கார்ட், எரிந்துகொண்டிருந்த விளக்கொன்றை மேடையிலேயே உடைத்துக் காட்டி, மின்விளக்கால் தீப்பிடிக்காது என்று மக்களுக்குத் தைரியம் கூறினார். விளக்கைப் பற்றி அவர் சொன்னது சரிதான். கம்பியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கம்பியைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்கள் தீக்காப்பீட்டு நிறுவனத்தார். எரிந்த வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா! ஃபீனிக்ஸ் என்ற நிறுவனத்தின் பொறியாளர் மஸ்கிரேவ் ஹீஃபி 1882இல் விதிகளை வகுத்தார். அதே ஆண்டு ஜூன் 21ஆம் நாள், தந்திப் பொறியியலார் மற்றும் மின்னியலார் சங்கம் தன் விதிகளை வெளியிட்டது. நான்கே பக்கம். அதை எழுதிய குழுவில் ஹாப்கின்சன், வில்லியம் குரூக்ஸ், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் ஆகியோர் இருந்தனர். பாடநூலில் நாம் சந்திக்கும் பெயர்கள்! இந்தச் சங்கமே பின்னர் மின்பொறியாளர் கழகமாக மாறியது. அந்த நான்கு பக்கம் வளர்ந்து வளர்ந்து, 2018இல் 18ஆம் பதிப்பாக வந்தபோது கனத்த நூலாகிவிட்டது.

அந்த நான்கு பக்கங்களில் மூன்று கருத்துகள் இருந்தன. மின்சாரத்தின் ஆபத்து பெரும்பாலும் அதைப் பொருத்துகிறவர்களின் அறியாமையாலும் அனுபவமின்மையாலும் வருகிறது என்பது ஒன்று. ஆகவே திறமையும் அனுபவமும் உள்ள மின்னியலாரைக் கொண்டு வேலையை மேற்பார்வையிடுவதே மிகப் பெரிய பாதுகாப்பு என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் என்னைப் போன்ற இயற்பியல் ஆசிரியனை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. மின்னியலில் வரும் கோளாறுகள் உள்ளே மறைந்திருப்பவை, கண்ணுக்குத் தெரியாதவை. மின்னோட்டத்தையே செலுத்திச் சோதித்துப் பார்ப்பதன்றி அவற்றைக் கண்டறிய வேறு வழியில்லை என்கிறது அது.

ஆக, ஆளை நம்பு என்பது ஒரு வழி. அளவீட்டை நம்பு என்பது இன்னொரு வழி. இரண்டும் ஒரே தாளில் தொடங்கி, பிறகு தனித்தனியே வளர்ந்தன.

அளவீட்டு வழியில் பெரிய அடி எடுத்து வைத்தவர் சிட்னி எவர்ஷெட். மின்காப்பின் தடையை அளக்கும் கருவிக்கு 1889இல் அவர் காப்புரிமை பெற்றார். 1903இல் 'மெக்கர்' என்ற வணிகப் பெயர் பதிவாயிற்று. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் சிறு மின்னாக்கி சில நூறு வோல்ட் அழுத்தத்தை உண்டாக்கும். அந்த அழுத்தத்தில் கம்பியின் உறை வழியாக எவ்வளவு கசிகிறது என்பதைக் கொண்டு முள் நேரடியாக மெகஓமைக் காட்டும். இன்றைக்கும் நம் ஊர் மின்பணியாளர்கள், எந்த நிறுவனம் செய்த கருவியானாலும் அதை 'மெக்கர்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆளை நம்பும் வழியில் தேர்வுகள் வந்தன. 1878இல் நிறுவப்பட்ட சிட்டி அண்ட் கில்ட்ஸ் நிறுவனம் கைத்தொழில்களுக்கெல்லாம் தேர்வு நடத்தத் தொடங்கியது. மின்தொழிலும் அதில் இடம்பெற்றது. ஆனால் ஒருவர் தேர்ச்சி பெற்ற நாளும், அவர் உங்கள் வீட்டுச் சுவருக்குள் கம்பி இழுக்கும் நாளும் ஒன்றல்ல. இடையில் 20 ஆண்டுகள் கழிந்திருக்கலாம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் காலமுறை மதிப்பீடு என்ற ஏற்பாடு எழுந்தது. 1956இல் மின்நிறுவல் ஒப்பந்தப் பணிகளுக்கான தேசிய ஆய்வுக் குழு என்ற அமைப்பு தோன்றியது. இதில் சேரும் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் ஆய்வுப் பொறியாளர் வருவார். செய்துமுடித்த வேலைகளில் சிலவற்றைப் பார்ப்பார். கருவிகளையும் பதிவேடுகளையும் புரட்டுவார். எல்லாம் சரியாக இருந்தால் நிறுவனத்தின் பெயர் பட்டியலில் நீடிக்கும்.

நல்ல ஏற்பாடுதான். அதில் ஒரு சிறு விரிசல் மட்டும் இருந்தது. நிறுவனத்தில் 'தகுதியுள்ள மேற்பார்வையாளர்' என்று ஒருவர் இருப்பார். மதிப்பீட்டாளரிடம் பேசுகிறவர் அவர். தேர்ச்சிகளைக் காட்டுகிறவர் அவர். சான்றிதழில் கையொப்பமிடுகிறவரும் அவர். ஆனால் சுவரில் காடி வெட்டுகிற கை, கம்பியை உரிக்கிற கை, மெக்கரைப் பிடிக்கிற கை வேறு ஒருவருடையதாக இருக்கலாம். ஒருவரைத் தேர்வு செய்து, இன்னொருவருக்குப் பட்டம் கொடுப்பதைப் போன்றது இது. எங்கள் பல்கலைக்கழகத்தில் இப்படிச் செய்தால் ஆள்மாறாட்டம் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள்.

2005 சனவரி முதல் நாள், இங்கிலாந்திலும் வேல்சிலும் கட்டட விதிகளில் வீட்டு மின்வேலை குறித்த புதிய பகுதி நடைமுறைக்கு வந்தது. வீட்டில் முக்கியமான மின்வேலை எதுவானாலும் உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டும். அல்லது 'தகுதியுள்ள நபர்' திட்டத்தில் பதிவு செய்தவர் தாமே சான்றளிக்க வேண்டும். இந்த 'நபர்' பெரும்பாலும் ஒரு நிறுவனம்! சட்டத்தின் கண்ணில் நிறுவனமும் நபர்தான் என்றாலும், நிறுவனத்துக்கு விரல்கள் கிடையா. பதிவுக்குத் தேவையான தாளைப் பெற்றுத் தரும் குறுகிய காலப் பயிற்சிகளும் அப்போது பெருகின. நான்கு ஆண்டு பயிற்சியாளராக இருந்து தொழில் கற்ற பழையவர்கள், 'ஐந்து நாள் எலக்ட்ரீஷியன்கள்' என்று இவர்களைக் கேலி செய்தனர். கேலியில் பொறாமையும் கொஞ்சம் உண்டு. ஆனாலும் முழுக்கப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

இந்தத் தாள்கள் எல்லாம் நடைமுறையில் இருந்தபோதுதான், 2007இல் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் ஓர் இளந்தாய் தம் அடுக்குமாடி வீட்டில் மின்சாரம் தாக்கி இறந்தார். வீட்டில் கசிந்த தண்ணீரை அவர் துடைக்க முயன்ற நேரம் அது. சுவர்ப்பலகையைப் பொருத்த முடுக்கிய திருகு ஒன்று, உள்ளே ஓடிய மின்கம்பியைத் துளைத்திருந்தது. கட்டடம் பழையதன்று. மின்வேலைக்குச் சான்றிதழும் இருந்தது. ஆனால் சோதனையைச் செய்தவர் தேர்ச்சி பெற்ற மின்பணியாளர் அல்லர், அவருடைய உதவியாள். மேற்பார்வையாளரின் கையொப்பத்துடன் அது சான்றிதழாகியிருந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. நிறுவனத்துக்குப் பெருந்தொகை அபராதம் விதிக்கப்பட்டது; மேற்பார்வையாளரும் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

தேர்வு இல்லாததால் இது நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேர்ச்சி பெற்ற மேற்பார்வையாளர் அந்த நிறுவனத்தில் இருந்தார்; வேலையின் முடிவில் தாளும் இருந்தது. அந்தத் தாளுக்கும் திருகுக்கும் இடையே நின்றிருக்க வேண்டிய ஒரே பொருள், தெரிந்த கையில் இருக்கும் மெக்கர்.

இங்கே சற்று இயற்பியல் பேசலாம். மின்சுற்றை நிறுத்திவிட்டு, உயிர்க்கம்பிக்கும் புவிக்கம்பிக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின் அழுத்தம் கொடுத்துக் காப்புத் தடையை அளக்கிறோம். இங்கிலாந்து விதிப்படி நெடுங்காலம் அரை மெகஓம் இருந்தால் போதும். 2008இல் வந்த 17ஆம் பதிப்பு அதை 1 மெகஓம் ஆக்கியது. இப்போது ஒரு சுற்றில் 1.5 மெகஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி தேர்ச்சி. 230 வோல்ட்டில் இதன் வழியே கசிவது ஏறத்தாழ 0.15 மில்லி ஆம்பியர். தொட்டாலும் பெரும்பாலோர் உணரமாட்டார்கள்.

ஆனால் சேதமில்லாத புதிய கம்பி 1.5 மெகஓம் காட்டாது. நூற்றுக்கணக்கில் காட்டும். பக்கத்துச் சுற்றுகள் எல்லாம் 200க்கு மேல் காட்டும்போது இது மட்டும் ஏன் ஒன்றரை? அங்கே மின்னோட்டத்துக்கு ஒரு வழி திறந்திருக்கிறது என்று பொருள். இன்று சுவர் உலர்ந்திருப்பதால் அந்த வழி குறுகலாக இருக்கிறது. ஐப்பசியில் அடைமழை பெய்து சுவர் ஊறினால் அதே தடை சில ஆயிரம் ஓமுக்கு இறங்கக் கூடும். 5000 ஓம் என்று கொண்டால் மின்னோட்டம் 46 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும்.

தாள் கேட்கும் கேள்வி, 'எல்லைக்கு மேல் இருக்கிறதா?' என்பது. தொழில் தெரிந்தவன் கேட்கும் கேள்வி, 'இது மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?' என்பது. இரண்டாவது கேள்விக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த கல்லூரியொன்றில் கோடை விடுமுறையில் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாகக் கம்பி மாற்றினார்கள். உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர். வேலை முடிந்ததும் சோதனை அறிக்கை ஒன்று வந்தது. ஒன்பது சுற்றுகள், ஒன்பதுக்கும் எதிரே ஒரே எழுத்தில் '1 மெகஓமுக்கு மேல்' என்று இருந்தது. துறையின் சார்பில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையொப்பமிட்டவன் நான்தான். ஒன்பது வெவ்வேறு கம்பிகள் ஒரே அளவைக் கொடுக்குமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் மாணவர் ஒருவர் ஒன்பது அளவீடுகளையும் ஒன்றுபோல எழுதி வந்திருந்தால் கேட்டிருப்பேன். முத்திரையுடன் வந்ததால் கேட்கவில்லை.

ஆவணியில், மின்விசிறி ஒன்றைச் சரிசெய்ய அந்த ஒப்பந்தக்காரரின் உதவியாள் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். அன்றைக்கு நான் இரண்டாமாண்டு மாணவர்களுக்குக் கைச்சுற்று மெக்கரைக் காட்டிக்கொண்டிருந்தேன். பாடத்துக்கு உயிர் கொடுக்கலாமே என்று மெயினை நிறுத்தி, விளக்கு விசிறிகளைக் கழற்றச் சொல்லி, ஆய்வுக்கூடச் சுற்றுகளையே அளந்தோம். மாணவர்கள் உற்சாகமாகக் கைப்பிடியைச் சுற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முள் முடிவிலியை ஒட்டிப் போய் நின்றது. ஆறாவது சுற்றில் ஒன்றரையில் நின்றது. 'ஒன்றுக்கு மேல், சரி' என்று சொல்லி நான் ஏழாவதுக்குப் போக எழுந்தேன்.

ஏணி மேலிருந்து அவர் கேட்டார்: "சார், மத்த லைனெல்லாம் கடைசிக்கே போயிடுது. இது மட்டும் ஏன் சார் ஒண்ணரையில நிக்குது?"

"விதிப்படி போதும் அண்ணே," என்றேன்.

"விதி இருக்கட்டும் சார். ஒரே காயில் வயரு. ஒரே நாள்ல நான்தான் இழுத்தேன். இது மட்டும் கொறையக் கூடாதே."

இறங்கி வந்து ஒரு பெட்டியைத் திறந்தார். சுற்றை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதி குறைகிறது என்று பார்த்தார். அதையும் இரண்டாகப் பிரித்தார். முக்கால் மணி நேரத்தில் தாழ்வாரத்து அறிவிப்புப் பலகைக்கு வந்து சேர்ந்தோம். பலகையை மாட்ட அடித்த ஆணி, சுவருக்குள் பதித்த பிளாஸ்டிக் குழாயைத் துளைத்து, கம்பியின் உறையை உரசிக்கொண்டிருந்தது. சுவரின் மறுபுறம் தண்ணீர்த் தொட்டி. பலகைக்கு இரும்புச் சட்டம். அதன் மேல் சாய்ந்து நின்றுதான் மாணவர்கள் தேர்வு அட்டவணை பார்ப்பார்கள்.

ஆணியை அடித்தவர் அவர் அல்லர். கம்பி வேலை முடிந்த பிறகு வேறு யாரோ அடித்தது. ஆகவே அறிக்கை எழுதிய நாளில் அது பொய்யாகவும் இருந்திருக்காது. சான்றிதழின் இன்னொரு வரம்பு இதில் தெரிகிறது. அது ஒரு நாளைப் பற்றியது. ஆணி அதற்கு மறுநாள் வரும்.

இந்த வரம்பை உணர்ந்துதான் காலமுறைச் சோதனை என்ற விதி ஏற்பட்டது. இந்திய மின்சார விதிகளும் 1956இல் வந்தவை. பயனீட்டாளரின் மின்நிறுவலை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் ஆய்வு செய்ய வேண்டும் என்று அவை கூறின. விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்சு போன்றவற்றை மாற்றுவதைத் தவிர மற்ற மின்வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாக, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்றும் கூறின. 'நேரடி' என்ற சொல்லை எழுதியவர் எதை நினைத்து எழுதினாரோ, அதுவே நடைமுறையில் முதலில் உதிர்ந்துபோன சொல். 2010இலும் 2023இலும் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. இந்த அமைப்பின் எலும்புக்கூடு பெரிதும் மாறவில்லை. இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு ஐந்தாண்டுச் சோதனை 2020ஆம் ஆண்டு விதிகளால்தான் கட்டாயமாயிற்று. அங்கேயும் ஒரு முழு வீட்டை அரை மணியில் 'சோதித்து' அறிக்கை தருகிறவர்கள் உண்டு என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே அலுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் தேர்வே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. மணி கட்டுகிறவர் விளக்குக்குக் கம்பி இழுத்த காலத்தை நாம் பார்த்தோம். எத்தனை ஆம்பியருக்கு எவ்வளவு பருமனுள்ள கம்பி என்பதைத் தெரியாதவர் கையில் மெக்கரைக் கொடுத்துப் பயனில்லை. தேர்விலும் நல்ல தேர்வு, மோசமான தேர்வு என்று உண்டு. இங்கிலாந்தில் 1985 முதல் பயிற்சியாளர்களுக்கு நடத்தப்படும் ஒரு செய்முறைத் தேர்வை நான் உயர்வாகவே மதிக்கிறேன். இரண்டு நாளுக்கு மேல் நடக்கும் அத்தேர்வில், தடுப்பறைக்குள் நின்று சுற்றுகளை அமைத்து, சோதித்து, கோளாறுகளைக் கண்டறிந்து காட்ட வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டதா என்று உறுதிசெய்யும் முறை அதில் மிக முக்கியமானது. முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் சோதனைக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். மீண்டும் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கருவியே பழுதாகியிருந்தால், மின்சாரம் இருக்கும் கம்பியும் இல்லாததாகத் தோன்றும் அல்லவா! தன் கருவியைத் தானே சந்தேகிக்கக் கற்பிக்கும் இந்தப் பாடம், எங்கள் இயற்பியல் பாடத்திட்டத்தில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை.

ஆனாலும் அத்தேர்விலும் ஒரு சிறு குறை உண்டு. அது எல்லாத் தேர்வுக்கும் பொதுவானது. கோளாறு கண்டுபிடிக்கச் சொல்லும்போது, கோளாறு இருக்கிறது என்று தேர்வு எழுதுகிறவருக்கு முன்பே தெரியும். தேர்வாளர் அதை வைத்திருக்கிறார். வீட்டில் அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எப்போது முடியும் என்று கேட்கிறார். ஒன்றும் கோளாறில்லை என்று எல்லாமே சொல்லும்போது, இருக்கலாம் என்று நினைப்பதுதான் கடினம். அந்த நினைப்பைத் தேர்வுக்கூடத்துக்குள் கொண்டுவர முடியவில்லை. மதிப்பீட்டாளர் வரும் நாளில் நிறுவனம் எப்படியும் விழிப்பாகத்தான் இருக்கும். கல்லூரிக்கு ஆய்வுக்குழு வரும் வாரத்தில் எங்கள் ஆய்வுக்கூடம் எவ்வளவு பளபளக்கும் என்று எனக்குத் தெரியாதா?

பொறியாளர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் என்ற கருவியைப் பாருங்கள். சுற்றுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக, போகிறது என்று கொண்டு சட்டென்று துண்டித்துவிடும். இங்கிலாந்து விதிகள் 1981இல் வெளிப்புறக் கருவிகளுக்கான செருகுதுளைகளுக்கு இதைக் கேட்டன. 2008இல் பெரும்பாலான செருகுதுளைகளுக்கும், சுவருக்குள் 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் காப்பின்றி ஓடும் கம்பிகளுக்கும் கேட்டன. 50 மில்லிமீட்டர் என்பது எதன் அளவு? ஆணியும் திருகும் போகக்கூடிய ஆழம்தான். நூறாண்டுக்கு மேல் ஆளுக்குச் சான்று வழங்கிய பிறகு, எந்தச் சான்றையும் கேட்காத ஒரு காவலாளியைப் பெட்டிக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். ஆயினும் அக்காவலாளியையும் ஒரு மின்பணியாளர்தான் பொருத்த வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை யாராவது அவ்வப்போது அழுத்திப் பார்க்கவும் வேண்டும்.

சட்டமும் தன் வழியில் இதே இடத்துக்கு வந்திருக்கிறது. 1989இல் பிரிட்டனில் வெளிவந்த பணியிட மின்பாதுகாப்பு விதிகள், ஆபத்தைத் தவிர்க்கத் தேவையான அறிவோ அனுபவமோ உள்ளவர், அல்லது தக்க மேற்பார்வையில் உள்ளவர் மட்டுமே வேலை செய்யலாம் என்கின்றன. எந்தச் சான்றிதழின் பெயரும் அவ்விதியில் இல்லை. 2017இல் இலண்டன் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டனர். அதைத் தொடர்ந்து 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிகள் தகுதி என்பதற்குக் கைத்திறன், அறிவு, அனுபவம் ஆகியவற்றோடு நடத்தை என்ற நான்காவது சொல்லையும் சேர்த்தன. முதல் மூன்றையும் தேர்வு வைத்து ஓரளவு அளந்துவிடலாம். நான்காவதை எந்த மெக்கரால் அளப்பது என்று அங்கே இப்போது விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

ஆணியைப் பிடுங்கி, கம்பியை மாற்றி, மீண்டும் சுற்றிப் பார்த்தோம். முள் கடைசிக்குப் போயிற்று. பழைய அறிக்கையின் ஓரத்தில் தேதியையும், ஒன்பது சுற்றுகளுக்கும் அன்று எடுத்த ஒன்பது வெவ்வேறு எண்களையும் எழுதி வைத்தேன். மாணவர்களில் ஒருவர், "ஐயா, ஆறாவதுக்கு முதலில் வந்த ஒன்றரையை அடித்துவிடலாமா?" என்று கேட்டார். அடிக்க வேண்டாம், அதன் அருகிலேயே காரணத்தையும் எழுது என்றேன்.

அந்த உதவியாளுக்கு முப்பது ஆண்டு அனுபவம் இருந்தும் கையில் எந்தத் தாளும் இல்லை. மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்படி நான்தான் வற்புறுத்தினேன். படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்பினோம். ஐந்தாண்டு செய்முறை அனுபவம் உண்டு என்பதற்கு யாராவது எழுதித் தர வேண்டியிருந்தது. நான் எழுதித் தருகிறேன் என்றேன். "நீங்க போட்டா செல்லாது சார்," என்று சிரித்துவிட்டு, அதே ஒப்பந்தக்காரரிடம் கையொப்பம் வாங்கப் போனார்.